வழுவும் வழுவமைதியும்: பைதன் சட்டகங்களில் நிலைவகைப்பாடு புகுந்தமை பற்றிய ஒரு நோக்கு

'அவன் வந்தது' என்னும் தொடர் வழுவுடையது என்று கூறுதற்கு, அவன் யாவன், எங்கிருந்து வந்தான், உண்மையிலேயே வந்தானா என்பன போன்ற உலகியற் செய்திகள் எவையும் எமக்கு வேண்டியதில்லை. எழுவாய் உயர்திணையாகவும் பயனிலை அஃறிணையாகவும் நிற்பதைக் கண்டவுடனே தொடர் பிழை என்கிறோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம் இத்தகைய இயைபையே முதன்மையாக ஆராய்கின்றது. பின்வந்த நன்னூலார் திணை, பால், இடம், பொழுது, வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்தார். கணனிச் செய்நிரல்களிலும் இவ்வாறான இயைபுப் பிழைகள் உண்டு. செய்நிரலை இயக்கிப் பார்க்காமல், எழுதப்பட்ட வடிவத்தை மட்டும் கொண்டே அவற்றைக் கண்டறியும் ஒழுங்கினை நிலைவகைப்பாடு எனலாம். இவ்வொழுங்கு இல்லாமலே பிறந்து வளர்ந்த மொழியொன்றிலே, அதிலும் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டிய திறந்த மூலச் சட்டகங்களிலே, அது பிற்காலத்திற் புகுத்தப்பட்ட வரலாற்றையும் அதனால் எழுந்த இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வகைப்பாடு வலியதா மெலியதா என்பது ஒரு வினா. அது நிலையானதா இயங்குநிலையிலுள்ளதா என்பது பிறிதொரு வினா. நெதர்லாந்தினரான கீடோ வான் றொசம் 1991 இல் வெளியிட்ட பைதன் மொழி தொடக்கத்திலிருந்தே வலிய வகைப்பாடு உடையதாகும். எழுத்துச் சரமொன்றையும் நிறைவெண் ஒன்றையும் கூட்டுமாறு பணித்தால் அது மறுத்துப் பிழை காட்டும். தானாகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொள்ளாது. ஆயின் அம்மறுப்பு அக்குறித்த வரி இயங்கும் வேளையிலேதான் நிகழும். ஆண்டுக்கொரு முறை மட்டும் இயங்கும் வரியாயின் பிழையும் ஆண்டு முழுவதும் மறைந்து கிடக்கும். ஆகவே பைதனுக்கு வலிமையை ஊட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. முன்னரே இருந்த வலிமையை இயக்கத்துக்கு முந்திய கட்டத்துக்குக் கொண்டு வருவதே நோக்கமாயிற்று.

வகை பற்றிய சிந்தனை கணனிக்கு முந்தியது. பேட்றண்ட் றசல் தொடைக் கொள்கையில் தாம் கண்ட முரணுரையிலிருந்து மீளும் வழியாக 1908 இல் வகைக் கொள்கையை விரித்துரைத்தார். 1940 இல் அலொன்சோ சேர்ச் அதனைத் தமது சார்புக் கணிதத்தோடு இணைத்தார். 1978 இல் றொபின் மில்னர், வகையியைபு கொண்ட செய்நிரல் ஒரு குறித்த பொருளிலே தவறிப் போகாது என்பதை நிறுவினார். இக்கட்டுரைக்கு இவற்றினும் அண்மையானது 2006 இல் ஜெரமி சீக், வாலிட் தாகா ஆகிய இருவரும் முன்வைத்த படிமுறை வகைப்பாடு என்னும் கருத்தாகும். ஒரு செய்நிரலின் சில பகுதிகள் வகை குறிக்கப்பட்டும் ஏனையவை குறிக்கப்படாமலும் இருக்கலாம் என்பதே அதன் சாரம். குறிக்கப்படாதவை 'எதுவும்' என்னும் தனி வகையைப் பெறும். 'எதுவும்' எல்லா வகைகளோடும் இயையும். எல்லா வகைகளும் அதனோடு இயையும்.

இவ்வியைபின் இயல்பு சற்று நின்று நோக்கத்தக்கது. நிறைவெண் 'எதுவும்' என்பதோடு இயைகின்றது. 'எதுவும்' சரத்தோடு இயைகின்றது. ஆயினும் நிறைவெண் சரத்தோடு இயையாது. அதாவது, இயைபு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படுவதில்லை. அவ்வாறு கடத்தப்படுமாயின் 'எதுவும்' என்ற ஒரே இடைத்தரகன் வழியாக எல்லா வகைகளும் எல்லா வகைகளோடும் இயைந்துவிடும். பின்னர் சரிபார்ப்பதற்கு எதுவும் எஞ்சாது. 'எதுவும்' என்பதனோடு மயங்கத்தக்க மற்றொன்று ஒன்றிப்பு வகையாகும். எமது இலக்கண மரபிலே விரவுப்பெயர் எனப்படுவது இதற்கு மிக நெருங்கியது. சாத்தன் என்ற பெயர் ஆளுக்கும் எருதுக்கும் பொதுவானது. 'சாத்தன் வந்தான்', 'சாத்தன் வந்தது' என்னும் இரண்டும் வழாநிலையே. வினைமுற்றே திணையை உறுதி செய்கின்றது. பைதனிலும் ஒரு மாறி 'சரம் அல்லது இன்மை' என்ற ஒன்றிப்பு வகையினதாக இருக்கலாம். இன்மை அன்று என்று ஒரு நிபந்தனையாற் சோதித்த பின்னர், அந்நிபந்தனைக்குட்பட்ட வரிகளிலே அதனைச் சரம் என்றே சரிபார்ப்பி கொள்ளும். அச்சோதனையைச் செய்யாது விட்டால் வழுக் காட்டும். சுட்டெண்ணைக் கொடுத்து மாணவரைத் தேடும் ஒரு சார்பு, அவ்வெண்ணில் எவரும் இல்லாதவிடத்து இன்மையைத் திருப்புமாயின், அதனை அழைப்பவர் அந்நிலையை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். அன்றாட நிரலாக்கத்திலே நிலைவகைப்பாட்டின் பெரும்பயன் இவ்விடத்திலேயே கிடைக்கின்றது என்பது எமது கருத்து.

பைதனின் மூன்றாம் பதிப்பு 2008 இல் வெளிவந்தபோதே சார்புகளின் உள்ளீடுகளுக்கும் விளைவுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதும் இலக்கணம் அதில் இடம்பெற்றது. ஆனால் அக்குறிப்புக்கு என்ன பொருள் என்று மொழி கூறவில்லை. யுக்கா லெஹ்டோசாலோ என்பவர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தபோது, வகையுடையதும் வகையற்றதுமான நிரல்கள் ஒருங்கே வாழக்கூடிய மொழியொன்றை ஆராய்ந்தார். மைபை எனப் பெயர் பெற்ற அவரது முயற்சி முதலிலே தனக்கெனத் தனித் தொடரிலக்கணம் கொண்டிருந்தது. 2013 இல் கலிபோர்னியாவின் சான்ரா கிளாராவில் நடைபெற்ற பைதன் மாநாட்டிலே வான் றொசம் அவரோடு உரையாடி, பைதனின் சொந்த இலக்கணத்தையே பயன்படுத்துமாறு இணங்கவைத்தார். 2014 இல் இவ்விருவரும் வூகாஷ் லங்காவும் சேர்ந்து 484 என்னும் இலக்கமுடைய முன்மொழிவை எழுதினர். 2015 இல் வெளியான பைதன் 3.5 இலே அது நடைமுறைக்கு வந்தது. வகைக்குறிப்புகளை ஒருபோதும் கட்டாயமாக்க விரும்பவில்லை என்பதை அம்முன்மொழிவு தெளிவாகவே கூறியது. இன்றும் இயங்கும் வேளையிலே பைதன் அக்குறிப்புகளைப் பொருட்படுத்துவதில்லை. நிறைவெண் என்று குறித்த இடத்திலே சரத்தைக் கொடுத்தாலும் செய்நிரல் தன்பாட்டுக்கு ஓடும். வழுவைச் சுட்டுவது புறத்தே நிற்கும் சரிபார்ப்பியின் வேலை.

இம்மாற்றத்தின் பொருளியற் பின்னணியை மறந்துவிடுதல் பொருந்தாது. மைபையின் வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தது ட்றொப்பொக்ஸ் நிறுவனம். வான் றொசமும் அக்காலத்தில் அங்கேயே பணியாற்றினார். அந்நிறுவனம் தனது நாற்பது இலட்சம் வரிப் பைதன் நிரலை வகைச் சரிபார்ப்புக்கு உட்படுத்திய கதையை 2019 இல் வெளியிட்டது. பேஸ்புக், கூகிள், மைக்ரோசொஃப்ட் ஆகியனவும் தத்தமக்கெனச் சரிபார்ப்பிகளை ஆக்கிக்கொண்டன. நிரலை எழுதியவர் வேலையை விட்டு நீங்கியபின் அதனைத் திருத்தவேண்டியவர் வேறொருவர் என்னும் நிலையிலே, பெருநிறுவனத்துக்கு இது தவிர்க்கவியலாத தேவையாயிற்று. அத்தேவை மொழியின் இலக்கணமாக மாறியபோது, அதனை நிறைவேற்றும் உழைப்பு நிறுவனங்களின் மதிலுக்குள் அடங்கி நிற்கவில்லை. திறந்த மூல நூலகங்களைப் பேணும் சிறு குழுக்களின் மீதும் அது வந்து விழுந்தது.

சட்டகம் என்பது சாதாரணச் செய்நிரலின் வேறானது. செய்நிரல் எழுதுவோர் நூலகத்தை அழைக்கின்றனர். சட்டகமோ செய்நிரலை அழைக்கின்றது. எனவே பிறர் எழுதப் போகும், இன்னும் எழுதப்படாத நிரலின் வகைகளைச் சட்டகத்தார் முன்கூட்டியே கூறவேண்டியவராகின்றனர். பிளாஸ்க் என்னும் வலைச்சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். 2010 ஏப்பிரல் முதலாந் திகதி ஆர்மின் றொனாக்கர் என்பவர் விளையாட்டாக வெளியிட்ட ஒரு கேலியிலிருந்து பிறந்தது இது. (முட்டாள்கள் தினத்துப் பகிடி உலகளாவிய கருவியாக மாறியமை இத்துறையின் சுவையான செய்திகளுள் ஒன்று.) இச்சட்டகத்திலே வலைக் கோரிக்கைக்கு விடை தரும் சார்பு சரத்தைத் திருப்பலாம், அகராதியைத் திருப்பலாம், உள்ளடக்கமும் நிலையெண்ணும் சேர்ந்த இணையைத் திருப்பலாம், உள்ளடக்கத்தோடு தலைப்புகளைத் திருப்பலாம், இம்மூன்றையும் சேர்த்துத் திருப்பலாம். பயில்வோருக்கு எளிமையாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்ட இச்சலுகைகள் யாவற்றையும் ஒரே ஒன்றிப்பு வகையாக எழுதியபோது நீண்டதொரு பட்டியல் வந்தது. அதுவரை விளக்கவுரைகளிலும் பழக்கத்திலும் மட்டும் வாழ்ந்திருந்த ஒப்பந்தம் அப்போதே எழுத்து வடிவம் பெற்றது எனலாம்.

பிளாஸ்க்கும் அதனோடு உடன்பிறந்த நூலகங்களும் பைதன் 2 இன் ஆதரவைக் கைவிட்டு, வகைக்குறிப்புகளோடு 2021 மே 11 ஆந் திகதி வெளிவந்தன. அதன் பின் பத்து நாட்களில், மே 21 ஆந் திகதி, பிளாஸ்க் 2.0.1 வெளியிடவேண்டியதாயிற்று. அதிலே திருத்தப்பட்டவற்றுட் பல, நிரலின் இயக்கத்தைச் சாராதவை, வகைக்குறிப்புகளைச் சார்ந்தவை. உதாரணமாக, சட்டகத்தின் மேல்நிலைப் பெயர்கள் பிறர் பயன்பாட்டுக்காக ஏற்றுமதி செய்யப்பட்டவை என்று சரிபார்ப்பிக்கு அறிவிக்கப்படவில்லை. செய்நிரல்கள் நன்றாகவே ஓடின. ஆனால் பயன்படுத்துவோரின் சரிபார்ப்பிகள் வழுக் காட்டின. வகையறிவிப்பு உண்டு என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு வெற்றுக் கோப்பை நூலகத்தோடு சேர்த்துவிடுதல் வழக்கம். அக்கோப்பைச் சேர்த்த நாள்முதல் குறிப்பில் உள்ள பிழையும் நூலகத்தின் பிழையாகவே எண்ணப்படும். பேணுவோரின் பொறுப்பு இவ்வாறு இரட்டிக்கின்றது.

பிளாஸ்க்கிலே வேறொரு நுட்பமும் உண்டு. 'கோரிக்கை' என்னும் பெயர் முழுச் செய்நிரலுக்கும் பொதுவாக எங்கும் கிடைக்கின்றது. ஆனால் உண்மையில் அது ஒரு பதிலாள். அவ்வக்கணத்திலே எந்தப் பயனரின் கோரிக்கை கையாளப்படுகின்றதோ அதனிடம் வினாவை அனுப்பிவிடுகின்றது. அதன் உண்மை வகை 'பதிலாள்'. பயன்படுத்துவோருக்கு வேண்டிய வகை 'கோரிக்கை'. சட்டகத்தார் அதனைக் 'கோரிக்கை' என்றே அறிவித்துவிட்டு, அவ்வரியின் ஓரத்தில் இவ்வழுவைப் பொருட்படுத்தற்க என்று சரிபார்ப்பிக்கு ஒரு குறிப்பும் எழுதினர். இலக்கண நூலார் வழுவமைதி என்று கூறியதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று உவப்பினால் அழைப்பவர் திணை மயங்குவது தெரிந்தே மயங்குகின்றார். கேட்போரும் அதனை அறிவர். ஆனால் நிரலிலே அமைதி கூறும் வரிகள் பெருகுமாயின், எது காரணத்தோடு அமைந்தது, எது சோம்பலினால் விடப்பட்டது என்று பின்வருவோர் அறிவது கடினம். ஒவ்வோர் அமைதிக்கும் காரணம் எழுதப்படுதல் வேண்டும் என்று கூறும் திட்டங்களை நாம் விரும்பி ஏற்போம்.

பிளாஸ்க்கிலும் பன்மடங்கு கடினமானது ஜங்கோ. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோறன்ஸ் நகரப் பத்திரிகையொன்றின் வலைத்தளத்துக்காக 2003 இல் தொடங்கி 2005 இல் பொதுவெளிக்கு வந்த சட்டகம் இது. செய்தி அலுவலகத்திலே மாலைக்குள் பக்கம் வெளிவர வேண்டும். ஆகவே குறைந்த வரிகளில் நிறைந்த பயன் என்பது அதன் இயல்பாயிற்று. 'கட்டுரை' என்று ஒரு வகுப்பை எழுதி, அதற்குத் தலைப்பு என்ற புலமும் எழுத்தாளரைச் சுட்டும் இணைப்பும் உண்டு என்று கூறினாற் போதும். தரவுத்தள அட்டவணையைச் சட்டகமே ஆக்கிக்கொள்ளும். அவ்வளவோடு அது நிற்பதில்லை. 'எழுத்தாளர்' என்ற வகுப்பிலே, எவரும் எழுதாத ஒரு புதிய பண்பு, அவ்வெழுத்தாளரின் கட்டுரைத் தொகுதி என்னும் பெயரோடு, இயக்கவேளையிலே முளைத்துவிடும். வகுப்பில் நோக்கும்போது 'தலைப்பு' என்பது புலம் என்னும் பொருள். அவ்வகுப்பின் ஒரு தனிப் பொருளில் நோக்கும்போது அதுவே சரம். வெற்றாக விடலாம் என்று புலத்தில் ஓர் அனுமதி சேர்த்தால் அது 'சரம் அல்லது இன்மை' ஆகிவிடும். இவையனைத்தும் வகுப்பை ஆக்கும் வகுப்பொன்றின் செயல்கள். எழுத்தை மட்டும் வாசிக்கும் சரிபார்ப்பிக்கு இவற்றுட் பெரும்பாலானவை புலப்படா.

இதற்குக் காணப்பட்ட தீர்வு வியப்புக்குரியது. ஜங்கோவின் மூலநிரலுக்கு வெளியே, தன்னார்வலரின் தனித் திட்டமாக, அதன் வகைகளை விவரிக்கும் நிழற்கோப்புகள் எழுதப்பட்டன. மைபையோடு இணையும் செருகி ஒன்றும் ஆக்கப்பட்டது. அச்செருகி சரிபார்ப்பு நிகழும்போது பயனரின் அமைப்புக் கோப்பை வாசித்து ஜங்கோவையே தொடக்கி வைக்கின்றது. எந்த வகுப்பில் எந்தப் பண்பு முளைத்துள்ளது என்று அதனிடமே கேட்டறிகின்றது. இயக்காமலே அறியவேண்டும் என்று தொடங்கிய முயற்சி, ஓரளவு இயக்கியே அறியவேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தது. ஜங்கோவின் மையக் குழுவினர் தமது மூலநிரல் முழுவதிலும் குறிப்புகளை ஏற்றும் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2020 இல் வெளியான 3.1 ஆம் பதிப்பிலே, வினவல் தொகுதி போன்ற சில வகுப்புகளின் பெயருக்குப் பின்னே பகர அடைப்பில் வகை எழுதினாற் பிழை காட்டாதிருக்கும்படி மட்டும் செய்தனர். அவ்வடைப்பு இயக்கவேளையில் எதனையும் செய்வதில்லை. சிறிய சலுகைதான், ஆயினும் வெளியே உழைத்தவர்களுக்கு அது பெரிதும் உதவிற்று. மையக் குழுவின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவோர் உளர். நாம் அக்கருத்தினரல்லர். பேணும் கைகள் சிலவே என்றிருக்கும்போது, புதிய பாரத்தை ஏற்குமுன் அதனை யார் சுமப்பது என்று கேட்பதில் தவறில்லை.

பயன் எவ்வளவு என்பது அடுத்த வினா. யாவாஸ்கிறிப்ட் மொழியில் அமைந்த திறந்த மூலத் திட்டங்களைக் கொண்டு 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, பொதுவெளிக்கு வந்துவிட்ட பிழைகளுள் ஏறத்தாழ 15 சதவீதமானவற்றை வகைச் சரிபார்ப்பு முன்னரே கண்டுபிடித்திருக்கும் என்று மதிப்பிட்டது. பைதனுக்கு அதனை அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் அளவு பற்றிய ஓர் உணர்வை அது தருகின்றது. எஞ்சிய ஏறத்தாழ எண்பத்தைந்து வீதமானவற்றை அச்சரிபார்ப்பு காட்டியிராது. ஆனால் எண்ணிக்கையில் அடங்காத பயன் ஒன்றுண்டு. நிரலை முதன்முறையாக வாசிக்கும் மாணவர், இச்சார்புக்கு எதைக் கொடுப்பது என்று அறிய எவரையும் நாடவேண்டியதில்லை. திட்டத்தை ஆக்கியோரோடு நட்பும் நெருக்கமும் உடையோர்க்கு மட்டும் உரியதாயிருந்த அறிவு எழுத்திலே வந்துவிடுகின்றது. நேர வலயத்தாலும் மொழியாலும் தொலைவில் இருப்போர்க்கு இதன் பெறுமதி அதிகம்.

குறிப்பெழுதும் பணியைக் கருவிகளிடம் ஒப்படைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஜங்கோவை மிகப் பெரிய அளவிற் பயன்படுத்திய இன்ஸ்ரகிராம் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட கருவியொன்று, செய்நிரல் ஓடும்போது எந்தச் சார்புக்கு எந்த வகைகள் வந்து சேர்ந்தன என்று பதிவு செய்து அவற்றையே குறிப்பாக எழுதித் தந்தது. தொடக்கத்துக்கு இது நன்று. ஆயினும் வந்தவை எவை என்பதும் வரத்தக்கவை எவை என்பதும் வேறுவேறு. சட்டகத்தின் ஒப்பந்தம் பின்னையதைப் பற்றியது. அதனை மனிதரே தீர்மானிக்கவேண்டும்.

இனி, குறிப்புகளை இயக்கவேளையிலும் வாசிக்கும் சட்டகங்கள் தோன்றியமையால் எழுந்த முரண்பாட்டை நோக்குவோம். 2018 இல் வெளிவந்த பாஸ்ட்-ஏபிஐ என்னும் சட்டகமும் அதற்கு அடிப்படையான பைடான்ரிக் என்னும் நூலகமும், சார்பிலே எழுதப்பட்ட வகைக்குறிப்பை வாசித்து, வலையூடாக வரும் தரவு அதற்கியைந்ததா என்று அப்போதே சோதிக்கின்றன. சரிபார்ப்பிகளின் நோக்கிலே குறிப்பு ஒரு வெறும் எழுத்து. ஆகவே அதனை மதிப்பிடாது சரமாகவே வைத்திருந்தால் வேகமும் எளிமையும் கிடைக்கும் என்று கருதி, பைதன் 3.10 இல் அதனையே இயல்பு நிலையாக்கத் திட்டமிட்டிருந்தனர். சரமாக மாறிய குறிப்பை மீளப் பொருளாக்குவது எப்போதும் இயலாது. சார்புக்குள்ளே அறிவிக்கப்பட்ட பெயர்கள் அங்கே தொலைந்துபோகும். இரு சட்டகங்களின் ஆக்கியோரும் பயனரும் இதனை எடுத்துரைத்தனர். 2021 ஏப்பிரலில், வெளியீட்டுக்கு ஆறு மாதங்களே இருந்த வேளையில், பைதனின் வழிநடத்தற் குழு அம்மாற்றத்தை ஒத்திவைத்தது. பெருநிறுவனங்களின் தேவையால் உருவான இலக்கணத்துக்கு, தனியாட்கள் சிலர் ஆக்கிய கருவிகள் வேறொரு பயனைக் கண்டுபிடித்து, இறுதியில் மொழியின் போக்கையே திருப்பின. குறிப்பை வேண்டும்போது மட்டும் மதிப்பிடும் மாற்றுவழி 2025 ஒக்ரோபரில் வெளியான பைதன் 3.14 இலே இயல்பு நிலையாயிற்று.

இலங்கையோடு தொடர்புடைய ஒரு திட்டத்தையும் இங்கு குறிப்பிடலாம். 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவதற்காக இந்நாட்டுத் தன்னார்வலர்கள் சகன என்னும் திறந்த மூலச் செய்நிரலை ஆக்கினர். முதலில் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட அது, பின்னர் ஈடன் என்னும் பெயரோடு பைதனிலே, மசிமோ டி பியேறோ ஆக்கிய வெப்டுபை சட்டகத்தின் மீது மீளக் கட்டப்பட்டது. வெப்டுபை, பயில்வோர்க்கு எளிமை கருதி, கோரிக்கை, விடை முதலிய பெயர்களை இறக்குமதி எதுவுமின்றித் தானே நிரலின் சூழலுக்குள் வைத்துவிட்டு, கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு கோரிக்கையின்போதும் இயக்கும். ஒரு கோப்பை மட்டும் வாசிக்கும் சரிபார்ப்பிக்கு அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. பக்கந்தோறும் அறியாப் பெயர் என்றே கூறும். இதற்கு வகைக்குறிப்பு எழுதுவது என்றால் முதலிலே சட்டகத்தின் அடித்தளத்தை மாற்றவேண்டும். டி பியேறோவும் அவரது கூட்டாளிகளும் பின்னர் ஆக்கிய பை-ஃபோர்-வெப் என்னும் வழிச்சட்டகத்திலே அதுவே நடந்தது. அங்கே ஒவ்வொரு பெயரும் எக்கோப்பிலிருந்து வருகின்றது என்று நிரலெழுதுவோர் வெளிப்படையாக எழுதவேண்டும். வெப்டுபையின் மீது எழுதப்பட்ட பழைய செய்நிரல்கள் தாமாக அதற்கு மாறுவதில்லை. கோப்புக் கோப்பாக யாரேனும் இருந்து மாற்றவேண்டும்.